பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்காக யார் பேசுவார்கள்?

ஸ்காபரோவில் உள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் எட்டு மாதங்களாக இருக்கும் உங்கள் அம்மா மறதி நோயால் பாதிக்கப்பட்டவர் என்றும், ஆறு மாதங்களுக்கு முன் 52 கிலோவாக இருந்தவர் இப்போது 46 கிலோவுக்கு இறங்கிவிட்டார் என்றும், முதுகின் அடிப்புறத்தில் படுக்கைப்புண் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்கும்போதெல்லாம் ஆட்கள் போதாது என்ற ஒரே பதில் கிடைக்கிறது. முறைப்பாடு செய்தால் அந்தக் கோபத்தை அம்மாமேல் காட்டுவார்கள் என்று உங்கள் தம்பி தடுக்கிறார். நியூ ஜேர்சியில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து குடும்பத்துக்காகப் பேசுவார் என்று சொல்லியிருக்கிறார். ஒன்ராறியோவிலும் அப்படி ஒருவர் உண்டா என்பது உங்கள் கேள்வி. ஆனால் தம்பியின் பயத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை வாசிக்கையில், அம்மாவுக்குக் கேடு வராமல் வாய் திறப்பது எப்படி என்பதையே நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ரொறன்ரோவிலும் அதற்குக் கிழக்கே உள்ள ஊர்களிலும் இத்தகைய இல்லங்களில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தரணியும் அல்ல, வைத்தியரும் அல்ல. அம்மாவின் புண்ணை நான் பார்க்கவில்லை. அது கவனக்குறைவால் வந்ததா, நோயின் போக்கில் வந்ததா என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புண் நாறினாலோ, கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாக மயங்கிக் கிடந்தாலோ, கீழே நான் எழுதும் எந்த ஒழுங்குக்கும் காத்திருக்காதீர்கள். பொறுப்பிலிருக்கும் பதிவு பெற்ற தாதியைக் கூப்பிட்டு, இன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் ஒவ்வொரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் இருபத்துநாலு மணித்தியாலமும் ஒரு பதிவு பெற்ற தாதியாவது கடமையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்; ஆகவே கேட்பதற்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நியூ ஜேர்சி உறவினர் சொன்னது அந்த நாட்டுக்குச் சரி. அமெரிக்காவில் 1972இல் சில மாநிலங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஒம்புட்ஸ்மன் திட்டம் 1978இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்த அலுவலகத்தினர் இல்லத்துக்கே போய், அங்கு வாழ்பவரின் பக்கம் நின்று பேசுவார்கள். ஒன்ராறியோவில் 2016இல் தொடங்கப்பட்ட பேஷன்ட் ஒம்புட்ஸ்மன் எனப்படும் நோயாளர் குறைகேள் அலுவலகம் அப்படிப்பட்டது அல்ல. மருத்துவமனைகள், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள், வீட்டுப் பராமரிப்புச் சேவை ஆகியவை பற்றிய முறைப்பாடுகளை அது ஏற்கிறது. ஆனால் நடுநிலையாளராகவே ஏற்கிறது. உங்கள் பக்கமும் இல்லை, இல்லத்தின் பக்கமும் இல்லை. பொதுவாக நீங்கள் முதலில் இல்லத்திடமே முறைப்பாடு செய்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். விசாரித்துப் பரிந்துரை செய்யலாம், கட்டளையிட முடியாது. இதை அறியாமல் நேரே அங்கே போய், பிறகு அதுவும் பயனில்லை என்று சலித்துக்கொண்ட குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: உங்களுக்குப் பதிலாக வந்து பேசும் ஆள் இங்கே இல்லை. பேச வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கப் பல இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்துக்கு எப்போது போவது என்பதுதான் விஷயம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது பராமரிப்புத் திட்டம். கெயர் பிளான் என்று அங்கே எல்லோரும் சொல்வதுதான். 2022 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்புச் சீரமைப்புச் சட்டம் இரண்டு விஷயங்களைத் திட்டவட்டமாகச் சொல்கிறது: அந்தத் திட்டத்தை வகுப்பதிலும் செயற்படுத்துவதிலும் அங்கு வாழ்பவருக்கும் அவருக்காக முடிவெடுப்பவருக்கும் முழுமையாகப் பங்குகொள்ள இடம் கொடுக்க வேண்டும், திட்டத்தில் எழுதியிருக்கும் பராமரிப்பை எழுதியபடியே கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை மீறியதாகத்தான் மாகாண நீண்டகாலப் பராமரிப்பு அமைச்சின் ஆய்வாளர்களின் அறிக்கைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. சேர்ந்து ஆறு வாரத்துக்குள்ளும் அதன்பின் வருடத்துக்கு ஒரு முறையாவதும் குடும்பத்தோடு ஒரு கூட்டம் நடத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், நிலைமை மாறும்போதெல்லாமும் திட்டத்தை மீளாய்வு செய்ய வேண்டும். வருடாந்தக் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நிலைமை மாறிவிட்டது, இப்போதே கூட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவின் திட்டத்தின் பிரதி ஒன்றையும் அதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் இரண்டு பிரச்சினைகளையும் பற்றிச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் வியக்கத்தக்க அளவுக்கு நுணுக்கமாகவே பேசுகின்றன. சேரும்போதும் அதன்பின் மாதந்தோறும் நிறை எடுத்துப் பதிய வேண்டும். ஒரு மாதத்தில் 5 வீதமோ, மூன்று மாதத்தில் 7.5 வீதமோ, ஆறு மாதத்தில் 10 வீதமோ அதற்கு மேலோ நிறை மாறினால், பல துறையினர் சேர்ந்து மதிப்பிட்டு, நடவடிக்கை எடுத்து, அதன் பலனையும் பார்க்க வேண்டும். 52 கிலோவில் 10 வீதம் என்பது 5.2 கிலோ. உங்கள் அம்மா இழந்தது 6 கிலோ. ஆகவே அந்த மதிப்பீடு நடந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடந்ததா, எந்தத் திகதியில், யார் செய்தார், என்ன மாற்றினார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. படுக்கைப்புண் வந்தவருக்கு உரிய கருவியைக்கொண்டு தோலை மதிப்பிட வேண்டும். உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். பதிவு பெற்ற உணவியலாளர் பார்க்க வேண்டும். தாதியர் வாரம் ஒரு முறையாவது புண்ணை மீண்டும் மதிப்பிட வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையோ தேவைக்கேற்ப அதைவிட அடிக்கடியோ புரட்டிவிட வேண்டும். புண்ணின் நீள அகலமும் ஆழமும் வாரந்தோறும் பதியப்பட்டிருந்தால், அது ஆறுகிறதா பெருக்கிறதா என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். “ஏன் அம்மாவைக் கவனிப்பதில்லை?” என்று கேட்டால் கவனிக்கிறோம் என்ற பதில் வரும். “கடந்த நாலு வாரத்தின் புண் அளவுகளைக் காட்டுங்கள், இரவில் புரட்டிய பதிவைக் காட்டுங்கள்” என்று கேட்டால், எதிரே இருப்பவர் கோப்பைத் திறந்தாக வேண்டும். குரலை உயர்த்தாமலே கேட்கக்கூடிய கேள்வி அது.

இங்கே நான் ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். மறதி நோய் முற்றும்போது உணவைக் கண்டும் சாப்பிடத் தோன்றாமல் போவதும், விழுங்க முடியாமல் போவதும், நல்ல பராமரிப்பு இருந்தும் நிறை குறைவதும் உண்டு. வாழ்வின் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு கவனித்தாலும் தோல் உடையும் நிலையும் உண்டு. ஆகவே நிறை குறைந்ததும் புண் வந்ததும் மட்டுமே புறக்கணிப்புக்குச் சான்று ஆகிவிடாது. விதிகளில் சொன்ன மதிப்பீடும் சிகிச்சையும் உணவு மாற்றமும் நடக்கவில்லை என்றால் அது சான்று. கோப்பைப் பார்க்குமுன் குற்றம் சாட்டிவிட்டால், பிறகு கோப்பு சரியாக இருக்கும்போது உங்கள் அடுத்த கேள்விக்கு மதிப்பு இருக்காது.

அம்மா சாப்பிடாமைக்கு மொழியும் சாப்பாடும் காரணமாக இருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கும் நியாயமாகவே படுகிறது. பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் மறதி நோயில் முதலில் நழுவுவதைப் பல தமிழ், சீனக் குடும்பங்களில் கண்டிருக்கிறேன். தண்ணீர் என்று கேட்பதை விளங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புத் திட்டத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை என்று ஒழுங்குவிதி வரிசைப்படுத்துபவற்றில், மொழி உட்பட்ட தொடர்பாடல் திறனும் பண்பாடு, சமயம் சார்ந்த விருப்பங்களும் இருக்கின்றன. ஆகவே காலையில் தேநீர் குடித்துப் பழகியவர், பாண் தொடமாட்டார், கஞ்சியோ குழைத்த சோறும் சொதியுமோ கொடுத்தால் சாப்பிடுவார், ‘நோகுது’ என்றால் வலி என்று பொருள் என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் எழுத்தில் ஏற வேண்டும். எழுதிவிட்டால் நாளைக்கே புட்டும் சம்பலும் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சமையலறையும் அவ்வளவு தூரம் வளையாது. ஆனால் வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் சாப்பாட்டை எப்படிச் சூடாக்கி, எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதாவது ஒழுங்காகும். விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று உணவியலாளரிடம் கேட்காமல் மட்டும் எதையும் ஊட்டாதீர்கள்.

ஆட்கள் போதாது என்ற பதிலைப் பற்றி. அது பெரும்பாலும் உண்மைதான். ஓர் இரவில் ஒரு பி.எஸ்.டபிள்யூ, அதாவது தனிநபர் பராமரிப்புப் பணியாளர், எத்தனை பேரைப் புரட்டிவிட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பணியாளரைக் கோபிக்கமாட்டார்கள். ஆனால் அது சட்டப்படி ஒரு விலக்கு ஆகாது. ஒவ்வோர் இல்லமும் எழுத்திலான ஆளணித் திட்டம் ஒன்றையும், ஆட்கள் வராத நாளில் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாட்டையும் வைத்திருக்க வேண்டும். மறுபுறம், ஒவ்வொருவருக்கும் நாளுக்கு நாலு மணித்தியாலப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதாகப் பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. அது மாகாணம் முழுவதற்குமான சராசரி இலக்கு. 2025 மார்ச் 31க்குள் எட்டுவதாகக் குறிக்கப்பட்டது. உங்கள் அம்மா தனியாக உரிமை கோரக்கூடிய நாலு மணித்தியாலம் அல்ல. கூட்டத்தில் அதைத் தூக்கிப் பேசினால் வாதம் வழிமாறிப் போகும்.

கேட்டும் மாறவில்லை என்றால் எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே சட்டமே பெரிய வேறுபாடு வைத்திருக்கிறது. வாயால் சொல்லி இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படும் முறைப்பாட்டை இல்லம் தன் பதிவேட்டில் ஏற்றத் தேவையில்லை. இத்தனை மாதமும் நீங்கள் தாதியர் மேசையருகே நின்று சொன்னவற்றில் பெரும்பகுதி எங்கும் பதியப்படாமலே போயிருக்கலாம். எழுத்தில் கொடுத்த முறைப்பாடோ, பராமரிப்பைப் பற்றியதாக இருந்தால் உடனே அமைச்சுக்கு அனுப்பப்பட வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் உங்களுக்குப் பதில் வர வேண்டும். தீங்கு நேர்ந்ததாகவோ நேரக்கூடும் என்றோ சொல்லப்பட்டிருந்தால் விசாரணையை உடனேயே தொடங்க வேண்டும். என்ன செய்தோம் என்பதையோ, முறைப்பாடு ஆதாரமற்றது என்று கருதினால் ஏன் அப்படிக் கருதுகிறோம் என்பதையோ பதிலில் சொல்ல வேண்டும். அமைச்சின் இலவசத் தொலைபேசி எண்ணும் பேஷன்ட் ஒம்புட்ஸ்மனின் தொடர்பு விபரமும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். திகதி, நேரம், கண்டது, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும் என்பவை போதும். எட்டு மாதத்து மனக்குமுறலையும் அதில் கொட்டத் தோன்றும். அதை வேறொரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். கடிதத்தை நிர்வாகிக்கும் பராமரிப்புப் பணிப்பாளருக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய நாளுக்குச் சான்று இருக்கும்.

அதற்கும் பலனில்லை என்றாலோ, நிலைமை ஆபத்தானது என்றாலோ, அமைச்சின் நீண்டகாலப் பராமரிப்புக் குடும்ப உதவித் தொலைபேசி இருக்கிறது: 1-866-434-0144. இல்லத்திடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. முறையற்ற பராமரிப்பாலோ துன்புறுத்தலாலோ ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது, அல்லது நேரக்கூடும் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் எவரும் உடனே அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டக் கடமையே. அழைப்பைப் பெற்றவர்கள் அதன் தீவிரத்தை வைத்துத் தரம் பிரிப்பார்கள். ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார், கோப்புகளைப் பார்ப்பார், பணியாளர்களிடம் பேசுவார், மீறல் இருந்தால் எழுதி, தேவையானால் கட்டளையும் பிறப்பிப்பார். அறிக்கை பொதுவில் வெளியாகும். அதில் அங்கு வாழ்பவர்களின் பெயர் வராது, எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். எப்போது வருவார் என்பதையும், உங்கள் முறைப்பாட்டில் மீறல் காண்பாரா என்பதையும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மீறல் காணப்படவில்லை என்று முடிந்த முறைப்பாடுகளிலும், ஆய்வாளர் வந்துபோன பிறகு அந்தத் தளத்தில் வேலை சற்றுச் சீரானதை நான் கண்டதுண்டு; இது என் அனுபவம் மட்டுமே, விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது தம்பியின் பயம். முறைப்பாடு செய்ததற்காக அங்கு வாழ்பவரை வெளியேற்றுவதையும், வெளியேற்றுவோம் என்று மிரட்டுவதையும், பாகுபாடாக நடத்துவதையும் சட்டம் தடைசெய்கிறது. குடும்பத்தினரை முறைப்பாடு செய்யவிடாமல் தடுப்பதும் மீறல். ஆனால் சட்டத்தில் இருப்பது இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் இருக்குமா என்று தம்பி கேட்டால், அது நியாயமான கேள்வி. மணி அடித்தால் சற்றுத் தாமதமாக வருவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது போன்றவற்றை நிரூபிக்க முடியாது. நான் கண்டவரையில், வெளிப்படையான பழிவாங்கல் மக்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. அது இல்லவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்வேன்: வெவ்வேறு நேரங்களில் வந்துபோகும், பணியாளர்களின் பெயர் அறிந்த, நன்றாகச் செய்த வேலைக்கு நன்றி சொல்லத் தெரிந்த, குறையை எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுக்கும் குடும்பத்தின் முதியவரை எல்லோரும் கவனமாகவே பராமரித்தார்கள். அறைக்குள் நின்று பி.எஸ்.டபிள்யூவைத் திட்டிவிட்டு, மேலிடத்தில் எதுவும் சொல்லாமல் போன குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் நட்டம். சத்தம் போடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சில இல்லங்கள் அத்துமீறல் தடைச் சட்டத்தைக் காட்டிக் குடும்பத்தினர் உள்ளே வருவதையே மறித்திருக்கின்றன. அப்படிச் செய்ய இல்லத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது வாதத்துக்குரியது. அத்தகைய கடிதம் வந்தால் அன்றைக்கே சட்ட உதவி தேடுங்கள்.

அம்மாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பதை வீட்டுக்குள்ளேயே முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இல்லத்தோடு நடக்கும் சண்டைகளில் பாதி உண்மையில் சகோதரர்களுக்கிடையிலான சண்டை. தன் பராமரிப்பைப் பற்றி முடிவெடுக்கும் ஆற்றல் அம்மாவுக்கு இல்லாத இடத்தில், 1996ஆம் ஆண்டின் மருத்துவப் பராமரிப்புச் சம்மதச் சட்டம் யார் முடிவெடுப்பது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அம்மா முன்பே தனிப்பட்ட பராமரிப்புக்கான பவர் ஒஃப் அற்றோணி எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருந்தால் அதில் பெயர் உள்ளவர் முன்னே வருவார். வங்கிக்கும் வீட்டுக்கும் எழுதிய பத்திரம் இதற்குச் செல்லாது. அதுவும் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அப்படி ஒன்றும் இல்லை, அப்பாவும் இல்லை என்றால், பிள்ளைகள் எல்லோரும் சம நிலையில் இருப்பவர்கள். மூத்த மகன் என்ற வழக்கம் இங்கே எடுபடாது. நீங்களும் தம்பியும் ஓர் உடன்பாட்டுக்கு வர முடியாமற்போனால், முடிவெடுக்கும் பொறுப்பு அரசின் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். இந்தச் சம்மதம் மருந்துக்கும் பொருந்தும். அம்மா பகலெல்லாம் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதிப்படுத்தும் மருந்து ஏதாவது புதிதாகத் தொடங்கியிருக்கிறார்களா, யாரிடம் சம்மதம் பெற்றார்கள் என்று கேளுங்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்குச் சாப்பாடு இறங்காது, புரளவும் மாட்டார். உங்கள் இரண்டு கவலைகளுக்கும் பின்னால் இது இருக்கக்கூடும், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் விடக்கூடாது. முடிவெடுப்பவர் என்ற நிலையில் மருத்துவக் கோப்பைப் பார்க்க எழுத்தில் கேட்டால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் இல்லம் பதில் தர வேண்டும்.

சட்டம் தெரிந்த ஒருவரோடு பேச வேண்டும் என்றால், ரொறன்ரோவில் 1984 முதல் இயங்கும் அட்வகசி சென்ரர் ஃபோர் த எல்டர்லி என்ற சட்ட உதவி நிலையம் இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். அவர்களுடைய கட்சிக்காரர் முதியவர்தான், பிள்ளைகள் அல்லர். நீங்கள் விரும்புவதும் அம்மா விரும்புவதும் வேறாக இருந்தால் அம்மாவின் பக்கமே நிற்பார்கள். அது சரியானதே.

நான் அதிகம் நம்பிக்கை வைப்பது ஃபமிலி கவுன்சில் எனப்படும் குடும்பப் பேரவையில். எந்த இல்லத்திலும் அங்கு வாழ்பவர்களின் குடும்பத்தினர் சேர்ந்து இதை அமைக்கலாம். உங்கள் இல்லத்தில் இல்லை என்றால், ஒரு குடும்பம் கேட்டாலே போதும், முப்பது நாட்களுக்குள் அதை அமைக்க இல்லம் உதவ வேண்டும். பேரவை எழுத்தில் எழுப்பும் குறைக்கோ பரிந்துரைக்கோ பத்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நிர்வாகமும் பணியாளர்களும் அதில் உறுப்பினராக முடியாது. அழைத்தால் மட்டுமே கூட்டத்துக்கு வரலாம். அதன் வேலையில் தலையிடக் கூடாது. எப்படித் தொடங்குவது, கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு ஃபமிலி கவுன்சில்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பு வழிகாட்டும். அம்மாவின் புண்ணைப் பேரவையில் பேச முடியாது, அது தனிப்பட்ட மருத்துவ விஷயம். ஆனால் சனி, ஞாயிறுகளில் தளத்தில் ஆட்கள் குறைவதையும், தமிழ் பேசுபவருக்குத் தமிழ் தெரிந்த பணியாளரை ஒரே தளத்தில் போடாமல் பிரித்துப் போடுவதையும் ஒரு மகள் கேட்டால் அது தனிப்பட்ட குறை. பேரவை கேட்டால் எழுத்தில் பதில் வர வேண்டிய கேள்வி. முறைப்பாடு செய்தவர் யார் என்று தனியாகச் சுட்டிக்காட்ட முடியாதபடி போவது தம்பியின் பயத்துக்கும் ஒரு மருந்து. நான் வேலை செய்த ஓரிடத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து கேட்டபின், மாலைச் சிற்றுண்டி வண்டியில் கஞ்சி வந்தது. கட்டிலருகே வலி, தண்ணீர், கழிவறை போன்ற சொற்களை எழுதிய அட்டை தொங்கியது. அதற்கே பல மாதங்கள் சென்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

குடும்பத்தினர் உள்ளே இருப்பதன் பெறுமதியை இந்த மாகாணம் கசப்பான வழியில்தான் கற்றது. 2020இன் வசந்த காலத்தில் கொரோனாவுக்காகக் கதவுகள் மூடப்பட்டு, குடும்பங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்ற வாரங்களில் இராணுவம் முதலில் ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களுக்கு அனுப்பப்பட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் வெளியான இராணுவத்தின் அறிக்கை, கூப்பிட்டும் யாரும் வராத முதியவர்களையும் முறையற்ற விதத்தில் ஊட்டப்பட்டவர்களையும் பற்றிச் சொன்னது. குடும்பத்தினர் ஊட்டியதும் துடைத்ததும் தண்ணீர் கொடுத்ததும் வெறும் பாசச் செயல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது பராமரிப்பின் ஒரு பகுதி என்பது அப்போது விளங்கியது. பராமரிக்கும் உறவினரின் தொடர்ந்த, பாதுகாப்பான ஆதரவைப் பெறும் உரிமை இப்போது அங்கு வாழ்பவர்களின் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் போய் ஊட்டுவதை யாராவது தடங்கலாகப் பேசினால், அந்தப் பட்டயம் இல்லத்தின் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்; காட்டுங்கள்.

மேலே சொன்ன சட்டமெல்லாம் அரசின் அனுமதியோடு இயங்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு மட்டும் உரியது. இதை வாசிக்கும் வேறு யாராவது பெற்றோரை ரிட்டயர்மென்ட் ஹோம் எனப்படும் ஓய்வுக்கால இல்லத்தில் வைத்திருந்தால், அதற்கு 2010ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனி ஒழுங்குபடுத்தும் சபையும் உண்டு.

வேறு இல்லத்துக்கு மாற்றிவிடலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். மாற்ற விண்ணப்பிக்கலாம், ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்ற நிறுவனமே அதைக் கவனிக்கிறது, ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள், ஏனென்றால் வரிசை நீளமானது. ஏற்கனவே ஓர் இல்லத்தில் கட்டில் உள்ளவருக்குப் பெரும்பாலும் அவசர முன்னுரிமை கிடைப்பதில்லை. தமிழ்ப் பணியாளர் அதிகம் உள்ளதாகப் பெயர் பெற்ற இடங்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று எவரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. மறதி நோயுள்ளவருக்கு இடமாற்றமே ஒரு பெரிய அதிர்ச்சி என்பதையும் எண்ணிப்பாருங்கள். என் எண்ணத்தில், பெயர் வரிசையில் இருக்கட்டும். இந்த வாரமே கூட்டம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போகும்போது மாதாந்த நிறைப் பதிவையும் புண் அளவுப் பதிவையும் மருந்துப் பட்டியலையும் மேசையில் வைக்கும்படி அதிலேயே கேட்டுவிடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் அவர் பேச வேண்டியதில்லை, குறிப்பெடுத்தால் போதும்.